பாதுகாப்புக் கொள்கையை இரவல் வாங்கலாமா?

பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்து இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் படியெடுத்து வைக்கும் 'நூலகம்' 2005இல் தொடங்கியது. இவ்விரண்டையும் இப்பக்கத்தின் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இதே போல ஊர் கூடித் தேர் இழுக்கும் முறையில் வளர்ந்த வேறொரு வகை நூலகமும் இணையத்தில் இருக்கிறது. கதையோ கவிதையோ அங்கு கிடையாது. தகவல் பாதுகாப்புக் கொள்கை, கடவுச்சொல் விதிமுறை, கணினி களவு போனால் செய்ய வேண்டியவை, வேலையை விட்டுச் செல்லும் ஊழியரிடமிருந்து எவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்பன போன்ற ஆவணங்களே அங்குள்ளவை. தாம் எழுதிப் பயன்படுத்தியவற்றைப் பிறரும் எடுத்தாளட்டும் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சான்ஸ் நிறுவனம் பல ஆண்டுகளாகவே இத்தகைய மாதிரிகளை இலவசமாகத் தந்து வருகிறது. மென்பொருள் எழுதுவோர் கூடும் கிட்ஹப் தளத்திலும் தேடினால் இவை கட்டுக்கட்டாகக் கிடைக்கும்.

இது கணினி நிறுவனக்காரர்களின் விவகாரம், நமக்கென்ன என்று வாசகர் பக்கத்தைக் கடந்து போய்விட வேண்டாம். கந்தப்பளை வரை வந்துவிட்ட விவகாரம் இது.

கந்தப்பளையை அறியாதவர்களுக்கு ஒரு சொல். நுவரெலியாவிலிருந்து ராகலை செல்லும் பாதையில், ஆறாயிரம் அடி உயரத்தில் உள்ள சிறு கடைவீதி. சுற்றிலும் தேயிலை, தேயிலை விட்ட இடத்தில் லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும். வெளியூரார் இவ்வூரைக் கேள்விப்பட்டிருந்தால், பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உல்லாச விடுதியாக மாற்றப்பட்ட ஊர் என்றே கேள்விப்பட்டிருப்பார்கள். இங்குள்ள தோட்டப் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சேமிப்பு, கடன் சங்கம் ஒன்றுக்கு வெளிநாட்டு நன்கொடையாளர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. உங்களிடம் எழுத்தில் அமைந்த தகவல் பாதுகாப்புக் கொள்கை உண்டா, இருந்தால் அனுப்புக, இல்லையேல் மூன்று வாரத்திற்குள் தயாரித்து அனுப்புக என்பது கடிதத்தின் சாரம். ஐரோப்பாவில் 2018இல் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்த பிறகு, அங்கிருந்து வரும் பணத்தோடு இத்தகைய கேள்விகளும் சேர்ந்தே வருகின்றன. பத்திரிகையில் எழுதியவன் எதையும் எழுதுவான் என்ற நம்பிக்கையில் சங்கத்துச் செயலாளர் என்னிடம் வந்தார். அவர் வெறுங்கையோடு வரவில்லை. அவருடைய மகன் அத்தகைய பொது நூலகமொன்றிலிருந்து 41 பக்க ஆவணத்தை இறக்கி, சங்கத்தின் பெயரை மட்டும் புகுத்தி அச்சிட்டுக் கொடுத்திருந்தான். "ஐயா, இது சரிதானே, அனுப்பிரலாமா?" என்று கேட்டார்.

அதை ஒரே அமர்வில் படித்து முடித்தேன். மூன்று பேர் வேலை செய்யும் சங்கத்தில் பிரதான தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். தரவு மையத்தின் வாயிலில் கைரேகை பார்க்கும் கருவி இருந்தது. அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தின்படி நோயாளரின் பதிவேடுகள் பேணப்பட்டன. இருபத்துநான்கு மணி நேரமும் கண்காணிப்புக் குழுவொன்று விழித்திருந்தது. உண்மையில் இருப்பது ஓர் அறை, ஒரு பழைய கணினி, ஓர் இரும்பு அலுமாரி, அதற்கொரு திறப்பு. மாரியில் சாரலும் பனிப்புகாரும் அறைக்குள் வந்து காகிதத்தில் பூஞ்சணம் படர வைக்கும். இந்த ஆபத்தைப் பற்றி 41 பக்கத்தில் ஒரு வரி இல்லை.

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்த அலுமாரிக்குள் இருப்பவை என்ன என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். உறுப்பினர்களின் அடையாள அட்டைப் பிரதிகள், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், சம்பளத் துண்டு, யார் யாருக்குப் பிணை நின்றார் என்ற விபரம், யார் எந்த மாதம் தவணை தவறினார் என்ற குறிப்பு. லயத்தில் அடுத்த காம்பராவுக்குத் தெரியக்கூடாத செய்திகள் அத்தனையும் ஒரே திறப்பின் கீழ் இருக்கின்றன. அடையாள அட்டைப் பிரதி தவறான கையில் சிக்கினால் அந்தப் பெண்ணின் பெயரில் வேறெவரோ தொலைபேசி இணைப்பு எடுக்கலாம், கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். கடைவீதியின் பிரதியெடுக்கும் கடைகளில் இப்பிரதிகள் கணினியிலேயே தங்கிவிடுகின்றன என்பதை யாரும் கவனிப்பதில்லை. அது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.

தகவல் பாதுகாப்பு என்பதற்கு மூன்று கால்கள் என்று இத்துறையினர் சொல்வார்கள். அறியக்கூடாதவர் அறியாதிருத்தல் ஒன்று. பதிந்தது திரிபுபடாதிருத்தல் இரண்டு. வேண்டும்போது கைக்குக் கிடைத்தல் மூன்று. இது ஏதோ இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைப்பவர்கள் மலையகத்தின் வரலாற்றை ஒருமுறை புரட்ட வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம், விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்றது. ஆனால் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. எதைக் கொண்டு நிரூபிப்பது? பிறப்புச் சான்றிதழ் பலரிடம் இல்லை. தோட்டத்துச் செக்ரோல் இருந்தது. ஆனால் அது துரையின் ஒப்பிசில் இருந்தது. பெயர் ஒரு தோட்டத்தில் 'ராமாயி' என்றும் மறு தோட்டத்தில் 'ராமாய்' என்றும் பதியப்பட்டிருந்தது. ஒருமுறை இந்தியாவுக்குப் போய்வந்த பதிவு இருந்தால் வாழ்விடம் இடையறுந்தது என்றார்கள். ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. அவர்களில் ஏற்கப்பட்டவர்கள் ஒன்றரை இலட்சத்திற்கும் குறைவு.

இங்கே பறிபோனவை பின்னிரு கால்களும். பதிவு திரிபுபட்டிருந்தது, வேண்டும்போது கைக்குக் கிடைக்கவில்லை. அதன் விளைவாக 1964 ஒக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்கள் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கிட்டுக் கொண்டார்கள். எஞ்சியிருந்தவர்களின் கணக்கு முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே எங்கள் மக்களிடம் போய், பதிவேட்டைப் பாதுகாக்கும் விதி என்பது வெள்ளைக்காரன் கேட்கும் வெற்றுக் காகிதம் என்று யாராவது சொன்னால், அவருக்குத் தம் பாட்டன் பாட்டியின் கதை தெரியாது என்றே நான் கொள்வேன்.

அரசாங்கத்துக்கும் இப்பாடம் அண்மையில் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதியளவில் அரசின் மின்னஞ்சல் சேவையை மீட்புப்பணம் கேட்கும் தீநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அச்சேவையைப் பயன்படுத்திய அலுவலகங்கள் மே 17 தொடங்கி அந்நாள் வரையிலான மின்னஞ்சல்களை இழந்தன. இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டது. இணைப்புக்கு வெளியே வைத்த பிரதி இருக்கவில்லை. மென்பொருளோ 2013ஆம் ஆண்டுக்குரியது. காப்புப் பிரதியொன்றை வலையிலிருந்து துண்டித்து வைக்க வேண்டும் என்பது நான் மேலே சொன்ன இலவச ஆவணங்களில் சாதாரணமாகக் காணப்படும் வாசகம். காசு கொடுத்து வாங்க வேண்டிய இரகசியம் எதுவும் அதில் இல்லை.

எனவே தலைப்பிலுள்ள கேள்விக்கு என் விடை, தாராளமாக வாங்கலாம் என்பதே. உலகத் தர நிர்ணய நிறுவனத்தின் 27001 என்ற நியமத்தைப் படிக்கவே பணம் கட்ட வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்பில் 93 கட்டுப்பாடுகள் உள்ளன. அவற்றை விளக்கி எழுதித்தர ஆலோசகரை அமர்த்தினால், கந்தப்பளைச் சங்கம் ஓராண்டில் கொடுக்கும் கடன் தொகையைவிட அவர் கேட்கும் கட்டணம் கூடிவிடும். அந்த இடத்தில் முன்பின் அறியாத ஒருவர் தம் உழைப்பைப் பொதுவில் வைத்திருப்பது பேருதவி. ஆனால் இரவல் வாங்கிய சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டு சபைக்குப் போகக் கூடாது.

நிறுவனம் ஒன்று தன் கொள்கையில் எழுதி, ஒப்பமிட்டு, அனுப்பிவிட்ட ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குறுதி. 'நாம் கைரேகைக் கருவி வைத்திருக்கிறோம்' என்று எழுதியனுப்பினால் அது பொய்ச் சாட்சியம். நாளை ஏதேனும் கசிந்து கணக்காய்வாளர் வந்தால், கொள்கையே இல்லாத சங்கத்தைவிடப் பொய்யான கொள்கையுள்ள சங்கமே அதிகம் அவமானப்படும். இதைச் செயலாளருக்கு விளக்கியபோது, "அப்ப எங்ககிட்ட இல்லாதத எல்லாம் வெட்டிருங்க" என்றார். வெட்டத் தொடங்கினோம். அவர்களிடம் இருந்து, ஆவணத்தில் இல்லாதவற்றைச் சேர்ப்பதுதான் கடினமாக இருந்தது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். அம்மாதிரியில், பிறந்த திகதி என்ற நிரலை நீக்கிவிட்டால் பட்டியலைப் பிறரிடம் கொடுக்கலாம் என்றொரு விதி இருந்தது. அமெரிக்கரின் சமூகப் பாதுகாப்பு இலக்கத்தில் பிறந்த திகதி இராது. ஆகவே எழுதியவருக்கு அது சரி. எங்கள் பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதலிரு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு ஐந்நூறு கூட்டப்படும். 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இதே தகவல்கள் உள்ளே இருக்கின்றன. பழைய எண்ணின் ஈற்றில் வரும் 'வி', 'எக்ஸ்' என்ற எழுத்துக்கள் வாக்குரிமை உண்டா இல்லையா என்பதையே காட்டின. மலையகத்தில் அவ்வெழுத்துக்கு என்ன பொருள் என்று மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிறந்த திகதி நிரலை நீக்கிவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை வைத்துக்கொண்டால் எதையும் மறைத்ததாகாது. இந்த நுட்பம் இங்குள்ளவருக்கு மட்டுமே தெரியும். அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்து எழுதியவர் மீது குற்றமில்லை.

இன்னொன்று, பழைய சரக்கு. பொது நூலகத்தில் எது எப்போது ஏற்றப்பட்டது என்று பார்ப்பவர் குறைவு. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், அதில் பெரிய எழுத்தும் எண்ணும் குறியீடும் கலந்திருக்க வேண்டும் என்ற விதி இன்றும் நூற்றுக்கணக்கான மாதிரிகளில் கிடக்கிறது. இவ்வகை விதிகள் பரவுவதற்கு அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2004இல் வெளியிட்ட வழிகாட்டி பெருங்காரணம். அதே நிறுவனம் 2017இல், காரணமின்றிக் காலந்தோறும் மாற்றச் சொல்லாதீர்கள், நீளமான சொற்றொடரை வைக்க விடுங்கள் என்று திருத்திக்கொண்டது. முதல் வழிகாட்டியை எழுதியவரே தம் அறிவுரைக்காக வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். அவர் வருந்திய பிறகும் அவர் எழுதிய விதி பிரதியிலிருந்து பிரதிக்குத் தாவி நுவரெலியா மாவட்டத்துக்கு வந்து சேர்கிறது. அதன் பலனை எந்த அலுவலகத்திலும் காணலாம்: கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் துண்டில் இம்மாதக் கடவுச்சொல்.

சிலருக்கு அடிப்படையிலேயே ஓர் ஐயம் எழும். பாதுகாப்பு ஆவணத்தைப் பொதுவில் வைப்பதே பாதுகாப்புக்கு மாறானதல்லவா, கள்வனுக்கு வழிகாட்டியதாகாதா? நியாயமான கேள்வி. 1883இல் ஒகுஸ்ட் கெர்க்ஹொப்ஸ் என்ற மொழியியலாளர் இராணுவச் சங்கேதம் பற்றி எழுதியபோது, சங்கேத முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தொல்லை நேராதபடி அது அமைந்திருக்க வேண்டும் என்று விதித்தார். காக்கப்பட வேண்டியது சாவி. பூட்டுச் செய்யும் முறை உலகறிந்தது. அதனால் பூட்டுகள் பயனற்றுப் போகவில்லை. 'காப்புப் பிரதியைக் கிழமைக்கு ஒருமுறை எடுத்து வேறிடத்தில் வைப்போம்' என்பதைக் கள்வன் படித்தால் அவனுக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் அந்த வேறிடம் எது, யார் வீடு, திறப்பு யாரிடம் என்பவை சாவியின் பகுதி. ஆர்வமிகுதியில் ஊழியர் பெயர், கைபேசி இலக்கம், கணினி முகவரி, 'இன்னின்ன குறைபாடுகள் எங்களிடம் உள்ளன' என்ற இடர்ப் பட்டியல் ஆகியவற்றோடு தம் கொள்கையை அப்படியே பொதுவில் ஏற்றிவிடும் நல்லவர்களும் இருக்கிறார்கள். கொடுக்கும் கை சற்று நிதானிக்க வேண்டிய இடம் அதுவே.

சங்கத்தின் ஆவணத்துக்கு இறுதியில் எமக்குக் கைகொடுத்தது அந்த 41 பக்கம் அல்ல. அமெரிக்காவில் 2000இல் அமைக்கப்பட்ட இணையப் பாதுகாப்பு மையம், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் ஒத்துழைப்போடு தொகுத்து வழங்கும் கட்டுப்பாட்டுப் பட்டியல் ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்பில் 18 கட்டுப்பாடுகளும் அவற்றின் கீழ் 153 செயல்களும் இருந்தன. அவற்றில் 56 செயல்களை மட்டும் பிரித்து, சிறு நிறுவனங்கள் இவற்றிலிருந்து தொடங்கட்டும் என்று அடையாளமிட்டிருக்கிறார்கள். ஏழையின் அளவறிந்து துணி வெட்டிய அந்தப் பக்குவம் எனக்குப் பிடித்திருந்தது. முதற் கட்டளை என்ன தெரியுமா? உங்களிடமுள்ள கருவிகளை எண்ணிப் பட்டியலிடுக என்பதே. எண்ணினோம். ஒரு கணினி என்று சொல்லியிருந்தார்கள். எண்ணி முடித்தபோது கணினி ஒன்று, கைபேசி நான்கு. தவணைப் பட்டியல் வாட்ஸப் குழுவில் படமாகப் போய்க்கொண்டிருந்தது. களப் பணிப் பெண் ஒருவரின் கைபேசியைப் பள்ளி செல்லும் பிள்ளையும் பயன்படுத்தியது. கைரேகைக் கருவி பற்றிய பக்கத்தைக் கிழித்துவிட்டு, அவ்விடத்தில் 'தவணைப் பட்டியலைக் குழுவில் படமாக அனுப்புவதில்லை' என்று ஒரு வரி எழுதினோம். மொத்தம் ஆறு பக்கம். ஈரத்திற்காக, காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு நிலத்திலிருந்து உயர்த்தி வைப்பது என்றும், பிரதியொன்றை நகர வங்கிப் பெட்டகத்தில் வைப்பது என்றும் சேர்த்தோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் நுவரெலியா மாவட்டத்தில் எத்தனை வீடுகளை எத்தனை சான்றிதழ்களோடு புதைத்தன என்பதை நேரில் கண்டவர்களுக்கு அவ்வரியின் பெறுமதி தெரியும்.

ஆறு பக்கத்தையும் முதலில் தமிழில் எழுதினோம்; நன்கொடையாளருக்காக அதன் பிறகே ஆங்கிலத்தில் ஆக்கினோம். அங்கேதான் உண்மையான பஞ்சம் தெரிந்தது. ஆங்கிலத்தில் மாதிரிகள் மலிந்திருக்கின்றன. தமிழில், ஒரு சிறு சங்கமோ பாடசாலையோ மருந்தகமோ எடுத்தாளத்தக்க ஒன்றை நானும் செயலாளரின் மகனும் தேடிக் களைத்தோம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழிலும் வெளிவந்துள்ளது. ஆயினும் அந்த நடையை நாற்பதாண்டு வாசித்துப் பழகிய எனக்கே மூச்சு வாங்கியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. ஒத்திவைப்பு என்பது எமக்குக் கிடைத்த அவகாசம். சட்டம் முழுமையாக வந்து கதவைத் தட்டும்போது, களப் பணிப் பெண்ணும் கடைக்காரரும் படிக்கத்தக்க தமிழில் மாதிரிகள் இல்லையென்றால், எல்லாரும் அந்த 41 பக்கத்தையே அச்சிட்டு அலுமாரியில் வைப்பார்கள்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இத்துறையில் வேலை செய்யும் தமிழர்கள் ஏராளம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் சென்னையிலும் பகலில் இதே ஆவணங்களை ஆங்கிலத்தில் எழுதிச் சம்பளம் பெறுபவர்கள் என் வாசகர்களிலும் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் மடல்களால் அறிவேன். நான் கேட்பது மொழிபெயர்ப்பை அல்ல. மொழிபெயர்த்தால் கைரேகைக் கருவியும் சேர்ந்து வந்துவிடும். மூன்று பேர், ஒரு கணினி, நான்கு கைபேசி என்ற அளவுக்குத் தமிழில் புதிதாக எழுதப்பட்ட பத்து ஆவணங்கள் போதும். மேலே திகதி இருக்கட்டும். யார் எப்போது திருத்தினார் என்ற குறிப்பும் இருக்கட்டும். எந்தச் சொல்லை ஆள்வது என்ற சண்டையை, 'கடவுச்சொல்'லா 'இரகசியச் சொல்'லா என்று, பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சங்கத்தின் ஆறு பக்கத்தைப் பொதுவில் வைக்க உறுப்பினர் கூட்டம் சம்மதம் தந்திருக்கிறது. சங்கத்தின் பெயரையும் பெட்டகம் பற்றிய வரியையும் எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்றும், தவணை தவறியவர்களைப் பற்றிய பகுதியில் 'குற்றவாளி' என்று தொனிக்கும் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்றும் கூட்டத்தில் இரு திருத்தங்கள் வந்தன. இரண்டையும் சொன்னவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள்.